பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஒரு பெட்டி காமிக்ஸ்

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அமெரிக்காவின் டென்வர் நகரம் ஏறத்தாழ 1,600 மீட்டர். இரண்டும் உயரத்து ஊர்கள், இரண்டிலும் குளிர் உண்டு. ஆனால் காகிதத்துக்கு இரண்டும் ஒன்றல்ல. டென்வரின் காற்று வறண்டது. அங்கே ஒரு வீட்டின் நிலவறையில் நாற்பது வருடம் கிடந்த காமிக்ஸ் புத்தகங்கள், அச்சகத்திலிருந்து அன்றுதான் வந்தவை போன்ற வெள்ளைத் தாளோடு 1977ஆம் ஆண்டு வெளியே வந்தன. நுவரெலியாவில் ஒரு பருவமழை போதும். நடுப்பக்கத்துக் கம்பிப் பின் துருப்பிடித்து, தாளில் செம்பழுப்புக் கறை இறங்கும். ஒரு புத்தகத்தின் அட்டை அடுத்த புத்தகத்தின் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தெடுத்தால் காமிக்ஸ் நாயகன் மாயாவியின் முகம் பாதி இதில், பாதி அதில். விளிம்பெல்லாம் ராமபாணப் பூச்சி மேய்ந்த தடம்.

டென்வர் புத்தகங்களின் சொந்தக்காரர் எட்கர் சர்ச். தொலைபேசி நிறுவனத்தின் விளம்பரப் பக்கங்களுக்குப் படம் வரைந்து பிழைத்த ஓவியர். 1930களின் பிற்பகுதியிலிருந்து கடைக்கு வந்த காமிக்ஸை வாங்கி வாங்கி அடுக்கினார். வயதாகி அவர் வீட்டைவிட்டு அகன்றதும் உறவினர்கள் வீட்டைக் காலி செய்யத் தொடங்கினார்கள். அவர்களுக்கு அது பழைய காகிதக் குவியல். சக் ரொசான்ஸ்கி என்ற இளம் வியாபாரி போய்ப் பார்த்தபோது அங்கே 18,000க்கும் 22,000க்கும் இடைப்பட்ட எண்ணிக்கையில் காமிக்ஸ் இருந்தது. காமிக்ஸ் சேகரிப்பாளர் உலகில் இன்றுவரை மிக உயர்ந்த தரமாகப் பேசப்படும் தொகுதி அதுதான்.

சர்ச் சேகரிப்பாளரா, குவிப்பாளரா? குப்பைவண்டி முந்தியிருந்தால் அவர் பெயர் இன்று யாருக்கும் தெரிந்திருக்காது. பக்கத்து வீட்டாருக்கு ஒருவேளை, கண்ட காகிதத்தையெல்லாம் கட்டிவைத்த கிழவராக நினைவில் இருந்திருப்பார். சேகரிப்புக்கும் குவிப்புக்கும் நடுவே உள்ள கோடு, பொருளில் இருப்பதைவிட அதிகமாகப் பார்க்கிறவர் கண்ணில் இருக்கிறதோ என்ற ஐயம் இங்கேதான் எழுகிறது. அந்த ஐயம் ஓரளவுக்குத்தான் சரி.

குவிப்பின் பெயர்போன உதாரணம் நியூயோர்க்கின் கொலியர் சகோதரர்கள். ஹார்லெமில் ஐந்தாம் அவெனியூ 2078ஆம் இலக்க வீட்டில் ஹோமர், லாங்லி என்ற அண்ணன் தம்பி இருவரும் ஊரோடு உறவற்று வாழ்ந்தார்கள். ஹோமருக்குக் கண் பார்வை போய்விட்டது. அண்ணனுக்குப் பார்வை திரும்பும் நாளில் படிக்கக் கொடுக்க வேண்டும் என்று லாங்லி வருடக்கணக்காகச் செய்தித்தாள்களைச் சேர்த்துவைத்தார். 1947 மார்ச்சில் பொலிசார் உள்ளே நுழைந்தபோது ஹோமர் இறந்து கிடந்தார். லாங்லியின் உடல் கிடைக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. திருடருக்கென்று தான் வைத்த பொறியிலேயே சிக்கி, சரிந்த குவியலின் கீழ், அண்ணனிடமிருந்து பத்தடி தூரத்தில் அவர் கிடந்திருக்கிறார். வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டவை 120 தொன்னுக்கு மேல். அவற்றில் பதினான்கு பியானோக்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் பில் பிளாக்பியர்ட். 1960களில் அமெரிக்க நூலகங்கள் பழைய செய்தித்தாள்களை நுண்படச் சுருளாக்கிவிட்டு மூலத்தை வீசத் தொடங்கின. கறுப்பு வெள்ளைச் சுருளில் ஞாயிற்றுக்கிழமை வண்ணச் சித்திரக்கதைகள் அழிந்துபோகும் என்பதை உணர்ந்த அவர், வீசப்படும் தாள்களைக் கேட்டு வாங்கினார். தனிநபருக்குத் தர நூலகங்கள் தயங்கியதால் 1968இல் ஒரு இலாப நோக்கற்ற அமைப்பையே பதிவு செய்தார். அதன் தலைமையகம் சான் பிரான்சிஸ்கோவில் அவர் குடியிருந்த வீடு. அறைகளும் நடைபாதைகளும் கட்டுகளால் நிறைந்தன. 1998இல் அந்தத் தொகுதி ஓகையோ அரச பல்கலைக்கழகத்துக்குப் போனபோது ஆறு பாரவூர்திகள் தேவைப்பட்டன. எடை 75 தொன். அமெரிக்கச் சித்திரக்கதை வரலாற்றை ஆராயும் எவரும் இன்று தொடவேண்டிய இடம் அது.

ஒன்று 120 தொன், மற்றது 75 தொன். தராசு நமக்குப் பெரிதாக உதவவில்லை. இரண்டு வீடுகளிலும் செய்தித்தாள் கூரையைத் தொட்டது, இரண்டு பேருக்கும் அதை ஏன் வைத்திருக்கிறோம் என்பதற்குக் காரணம் இருந்தது. லாங்லியின் காரணம் அன்பு. அதைக் குறைத்து மதிக்க முடியாது. ஆனால் பிளாக்பியர்டிடம் ஒரு ஆய்வாளர் குறிப்பிட்ட வருடத்துத் தொடரைக் கேட்டால் எடுத்துக் கொடுத்தார். தொகுப்பு நூல்களாக அவை திரும்ப அச்சேறின. லாங்லியின் தாள்களிலிருந்து ஒன்றை உருவ முயன்றிருந்தால் மற்றவை மேலே விழுந்திருக்கும்.

மருத்துவம் இந்த வேறுபாட்டைத் தேடத் தொடங்கியது அண்மையில்தான். ராண்டி ஃபிராஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1993இல் இதைப்பற்றிய முதல் முறையான ஆய்வுகளில் ஒன்றை வெளியிட்டார். அதுவரை இது வேறு மனநோய்களின் ஒரு அறிகுறியாக மட்டுமே எண்ணப்பட்டது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013இல் வந்தபோது ‘குவிப்புக் கோளாறு’ தனி நோயாக இடம்பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய்ப் பட்டியலிலும் அது உண்டு. கையேடு கேட்கும் கேள்விகள் நேரடியானவை. பொருளுக்கு உண்மையில் என்ன மதிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதைக் கழிக்க ஒருவரால் தொடர்ந்து முடியாமல் இருக்கிறதா? கழிக்க நினைத்தாலே மனம் தவிக்கிறதா? குவிந்தவை வாழும் இடத்தை அடைத்து, சமையலறையில் சமைக்கவும் படுக்கையறையில் படுக்கவும் விடாமல் செய்கின்றனவா? அதனால் வாழ்க்கை சேதப்படுகிறதா? நூற்றில் இரண்டு முதல் ஆறு பேருக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்பது கையேட்டின் மதிப்பீடு. பெரும்பாலும் பதின்ம வயதின் தொடக்கத்தில் சிறிதாகத் தலைகாட்டி, முப்பதுகளில் வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு வளர்ந்து, முதுமையில் முற்றுகிறது.

2012இல் டேவிட் டோலின் குழுவினர் செய்த ஒரு பரிசோதனை, காகிதத்தை வைத்தே நடந்தது. கலந்துகொண்டவர்கள் வீட்டிலிருந்து பழைய கடிதங்கள், விளம்பரத் தாள்கள், செய்தித்தாள்கள் கொண்டுவந்தார்கள். மூளையைப் படம்பிடிக்கும் இயந்திரத்துக்குள் படுத்தபடி ஒவ்வொரு தாளையும் வைத்திருப்பதா, நறுக்கி எறிவதா என்று முடிவு சொல்ல வேண்டும். குவிப்புக் கோளாறு உள்ளவர்களுக்குத் தங்கள் தாள் வந்தபோது, எது முக்கியம் என்று எடைபோடும் மூளைப் பகுதிகள் அளவுக்கு மீறிக் கிளர்ந்தன. அடுத்தவர் தாள் வந்தபோது அதே பகுதிகள் சாதாரண மனிதரைவிட மந்தமாக இருந்தன. இது சோம்பலோ கஞ்சத்தனமோ இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. பழைய பேப்பரைத் தூக்கிப்போடத் தெரியாதா என்று வீட்டில் ஒருவரைத் திட்டும் முன் இதை நினைத்துப் பார்க்கலாம்.

சேகரிப்பாளர்களையும் குவிப்பாளர்களையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தது லண்டனில் ஆஷ்லி நோர்ட்ஸ்லெட்டனும் டேவிட் மட்டே-கோல்ஸும் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு. கோளாறு உள்ள 29 பேரும் தங்களைச் சேகரிப்பாளர் என்று சொல்லிக்கொண்ட 20 பேரும் அதில் இருந்தார்கள். சேகரிப்பாளர் எதைத் தேடுகிறார் என்பது குறுகலாக இருந்தது: இந்த வருடங்கள், இந்த வெளியீடு, இந்த வகை. வாங்குவதற்கு முன் திட்டம் இருந்தது. வாங்கியபின் ஒழுங்கு இருந்தது. குவிப்பாளரிடம் பொருள் வகை பெருகி, திட்டம் தளர்ந்து, ஒழுங்கு கலைந்திருந்தது. உணர்வுப் பிணைப்பு மட்டும் இரு பக்கமும் உண்டு. பொருளின்மேல் பாசம் வைப்பது நோயின் அடையாளம் இல்லை.

இதுவரை சொன்ன அளவுகோல்கள் எல்லாம் அமெரிக்க, ஐரோப்பிய வீடுகளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் மிகப் பரவலாகப் பயன்படும் ஒன்று, ஃபிராஸ்டும் அவருடைய சகாக்களும் 2008இல் வெளியிட்ட ஒரு படத் தொகுதி. சமையலறை, வரவேற்பறை, படுக்கையறை என்று மூன்று அறைகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது புகைப்படங்கள். முதல் படத்தில் அறை சுத்தமாக இருக்கும், ஒன்பதாவது படத்தில் கதவுவரை பொருள் நிறைந்திருக்கும். உங்கள் அறை எந்தப் படத்தை ஒத்திருக்கிறது என்று கேட்பார்கள். நான்கு அல்லது அதற்கு மேல் சொன்னால் கவனிக்க வேண்டிய நிலை. லண்டன் தீயணைப்புப் படையினரும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இந்தப் படங்களை இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றுக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய லயக் காம்பரா பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்கு முன்னால் ஒரு இஸ்தோப்பு. இரட்டை லயமாக இருந்தால் முதுகோடு முதுகாக இன்னொரு வரிசை. பின்பக்கம் ஜன்னலும் இல்லை. அந்த ஒற்றை அறைதான் வரவேற்பறை, அதுதான் படுக்கையறை. இஸ்தோப்பில் ஒரு மூலையை மறைத்து அடுப்பு. மூன்று தலைமுறை அதற்குள் படுத்தெழும்பும். அரிசி மூட்டை, கம்பளி, கொழுந்துக் கூடை, பிள்ளைகளின் பாடசாலைப் பை என்று அத்தியாவசியங்களை மட்டும் வைத்தாலே அந்த அறை நான்காம் படத்தைத் தாண்டிவிடும். அங்கே முந்நூறு காமிக்ஸ் புத்தகம் ஒரு மனிதர் கால் நீட்டும் இடத்தைப் பறிக்கும். அதே முந்நூறு புத்தகம் துரை பங்களாவில் ஒரு அலமாரியின் ஒரு தட்டு. பங்களாவில் இருப்பது சேகரிப்பு, லயத்தில் இருப்பது குப்பை என்று சொல்லும் எந்த அளவுகோலும் வறுமையைத்தான் நோயென்று அளக்கிறது. வாழும் இடம் அடைபட்டிருக்கிறதா என்ற கேள்வியை மலையகத்தில் கேட்கும் முன், அந்த இடத்தை இவ்வளவு சிறிதாகக் கட்டியது யார் என்பதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும்.

காகிதத்தின் மதிப்பும் அப்படித்தான். உண்மையான மதிப்பு எதுவானாலும் என்கிறது கையேடு. மலையகத்தில் ஒரு தாளின் உண்மையான மதிப்பை நிர்ணயித்தது அதை வைத்திருந்தவர் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் தோட்ட மக்கள் பிரஜாவுரிமை இல்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருடம் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் விண்ணப்பிக்க ஒரு வழி வைத்தது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன், மணமானவர் ஏழு வருடமும் மற்றவர் பத்து வருடமும் இந்த நாட்டில் இடையறாது வாழ்ந்ததை நிரூபிக்க வேண்டும். எதை வைத்து நிரூபிப்பது? தோட்டத் துண்டுச்சீட்டு, பிறப்புப் பதிவு, பிள்ளையின் பாடசாலைச் சான்று, பழைய கடித உறை. சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காகப் போயின. பிரஜாவுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு. கதவு முழுமையாகத் திறந்தது 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான்.

ஆகவே றங்குப் பெட்டியின் அடியில் எதற்கென்று தெரியாமலே தாளைப் பத்திரப்படுத்தும் பழக்கம் அங்கே வெறும் பழக்கம் இல்லை. எந்தத் தாள் எப்போது எந்த மேசையில் கேட்கப்படும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வளர்ந்த ஒரு வீட்டில், பேரப்பிள்ளை தன் காமிக்ஸையும் அதே பெட்டியில் வைத்துப் பூட்டினால் அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அந்தக் காமிக்ஸும் சுலபமாக வந்து சேரவில்லை. சிவகாசியில் முத்து காமிக்ஸ் 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. பிரித்தானிய வார இதழ் ஒன்றில் வந்த ‘ஸ்டீல் க்ளோ’தான் தமிழில் மாயாவி ஆனார். ஆனால் அதே 1970களின் தொடக்கத்தில் இலங்கை அரசு அந்நியச் செலாவணியைக் காக்கவென்று இறக்குமதிகளை இறுக்கியது. தமிழகச் சஞ்சிகைகளும் அதில் அகப்பட்டன. ஈழத்து எழுத்துக்கு அது நல்லதாக முடிந்தது என்று பலர் சொல்வது சரிதான். வீரகேசரி பிரசுரங்கள் 1972 முதல் நாவல்களை வரிசையாக வெளியிட்டன. சிரித்திரன் 1963 முதலே சிரிப்புச் சித்திரங்களை வீடுகளுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தது. ஆனால் சாகசச் சித்திரக்கதைக்கு ஏங்கிய பிள்ளைக்கு அவை ஈடாகவில்லை. தோட்டங்களில் 1973, 1974 என்பவை பட்டினிச் சாவுகளின் வருடங்கள். புத்தகம் வாங்கக் காசும் இல்லை.

1977க்குப் பிறகு இறக்குமதி திறந்தது. 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸும் சென்னையிலிருந்து ராணி காமிக்ஸும் ஒன்றையொன்று அடுத்து வந்தன. ராணி காமிக்ஸ் 2005இல் நிற்கும்வரை சுமார் 500 இதழ்கள் கண்டது. மலைநாட்டு ரவுண்களில் பஸ் நிலையத்தை அண்டிய சஞ்சிகைக் கடைகள் வழியாக வந்த ஒரு பிரதி, வாங்கியவரோடு நிற்பதில்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளையிடமிருந்து பக்கத்து லயத்துக்கும், அங்கிருந்து மற்ற டிவிஷனுக்கும் போகும். அட்டை கிழியும், கோதுமை மாப் பசையால் பழைய நாட்காட்டித் தாளை ஒட்டுவார்கள். முதல் பக்கத்தில் ஒருவர் பெயர் வெட்டப்பட்டு இன்னொருவர் பெயர் இருக்கும். அப்படியொரு பிரதி இன்று சந்தைத் தரப்படி மிகக் கீழே இருக்கலாம். ஆனால் யார் யார் கையில் அது போனது என்ற சரித்திரம் அந்த வெட்டிய பெயர்களில்தான் இருக்கிறது. புத்தம் புதிய பிரதி எதுவும் அதைச் சொல்லாது.

கையோடு கை போனதால்தான் பழைய பிரதிகள் அரிதாயின. அரிதானதால் விலை ஏறியது. அமெரிக்காவில் 1938இல் பத்துச் சத விலையில் வந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் சுமார் இரண்டு இலட்சம் பிரதி அச்சாகி, இன்று நூறளவில்தான் எஞ்சியிருக்கிறது என்பது வியாபாரிகளின் மதிப்பீடு. போர்க்காலத்தில் அமெரிக்கச் சிறுவர்களே வீடு வீடாகப் போய்ப் பழைய காகிதம் சேர்த்து ஆலைக்குக் கொடுத்தார்கள். 2024 ஏப்ரலில் ஒரு பிரதி 60 இலட்சம் டொலருக்கு ஏலம் போனது. இந்தக் கதைகளைக் கேட்டு 1990களில் அமெரிக்கர்கள் காமிக்ஸை முதலீடாக வாங்கினார்கள். 1991இன் ‘எக்ஸ்-மென்’ முதல் இதழ் எண்பது இலட்சத்துக்கு மேல் விற்றது. எல்லோரும் அதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டார்கள். எல்லோரிடமும் இருந்ததால் அது இன்றும் மலிவாகக் கிடைக்கிறது. குமிழி உடைந்து கடைகள் மூடின. மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் வங்குரோத்துப் பாதுகாப்பைத் தேடிப் போனது.

தமிழ் காமிக்ஸ் உலகிலும் பழைய முத்து, லயன் இதழ்கள் அட்டை விலையின் பல மடங்குக்குக் கைமாறுகின்றன. பிரித்துப் பார்க்காத பிரதிக்கு விலை கூட. தேடுபவரின் ஆசை புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் ஒரே இதழின் பத்துப் பிரதிகளை வாங்கி, வாசிக்க யாருக்கும் கொடுக்காமல், விலை ஏறட்டும் என்று பூட்டி வைப்பவர், வாசகனிடமிருந்து கதையைப் பறிக்கிறார். வீடு எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் அது பதுக்கல்தான். மருத்துவக் கையேடு அதற்குப் பெயர் வைக்கவில்லை. மருத்துவத்தின் வேலையும் அது இல்லை. மாயாவியின் பழைய கதைகள் மறுபதிப்பாக வந்தது இந்த வகையில் பெரிய நன்மை. கதை வேண்டுபவருக்குக் கதை கிடைத்துவிட்டது.

கணினி வந்தபின் குவிப்புக்கு இடம் தேவையில்லாமல் போனது. நெதர்லாந்தில் ஒருவர் நாளொன்றுக்கு ஆயிரம் வரை படமெடுத்து, அழிக்கவும் முடியாமல் அடுக்கவும் முடியாமல் தவித்ததை 2015இல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வன்தட்டில் பத்தாயிரம் காமிக்ஸ் கோப்புகளை இறக்கிவைத்து ஒன்றையும் திறக்காதவர்கள் இன்று பலர்.

தமிழில் காகிதச் சேகரிப்பைப்பற்றிப் பேசும்போது ரோஜா முத்தையாவைத் தவிர்க்க முடியாது. காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூரைச் சேர்ந்தவர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எட்கர் சர்ச்சும் விளம்பர ஓவியர் என்பது தற்செயல்தான் என்றாலும், அச்சிட்ட படத்தைத் தொழிலின் கண்ணோடு பார்த்தவர்கள் அதைக் கழிக்க மனம் வராதவர்களாக இருந்ததில் ஒரு பொருத்தம் இருக்கிறது. முத்தையா புத்தகத்தோடு நிற்கவில்லை. நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், திருமண அழைப்பிதழ் என்று அந்த நாளில் எந்த நூலகமும் மதிக்காத தாள்களையும் சேர்த்தார். சுமார் ஒரு இலட்சம் உருப்படிகள் கோட்டையூர் வீட்டை நிறைத்தன. வெளியிலிருந்து பார்த்தால் அது கொலியர் வீடு. உள்ளே, ஆய்வாளர்கள் தேடிவந்து கேட்டதை அவர் எடுத்துக் கொடுத்த வீடு. அவர் 1992இல் இறந்தார். 1994இல் சிக்காகோ பல்கலைக்கழகம் தொகுதியை வாங்கி, கடல் கடத்திக்கொண்டு போகாமல் சென்னையிலேயே நூலகமாக்கியது. வாங்க ஒரு நிறுவனம் வராதிருந்தால் அந்தத் தாள்களும் எடைக்குப் போயிருக்கும். தொகுத்தவரின் உழைப்பு பாதிதான். மறுபாதி, அவருக்குப் பின் அதை ஏற்க ஒரு கை நீள்வது.

மலையகத்தில் அந்தக் கை நீளாததால் போனவை அதிகம். தோட்டத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1920களில் நடத்திய ‘தேசபக்தன்’ போன்ற பத்திரிகைகளின் முழுத் தொகுதியை யாரும் ஒரே இடத்தில் காண முடியாது. எழுத்தாளர் சாரல்நாடன் போன்றவர்கள் சிதறிக் கிடந்ததைத் தேடித் தேடித்தான் அவரைப்பற்றி எழுதினார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் கொண்டுபோக முடிந்தது சில பெட்டிகள். புத்தகம் வைப்பதா, பாத்திரம் வைப்பதா என்றால் பாத்திரம்தான். 1977இலும் 1981இலும் 1983இலும் தமிழருக்கு எதிரான வன்முறையில் எரிந்த வீடுகளில் என்னென்ன தாள் இருந்தது என்பதற்குப் பட்டியல் கிடையாது. 1981 ஜூன் முதல் நாள் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த 97,000 நூல்களுக்காவது ஒரு எண் இருக்கிறது.

இவ்வளவு சொன்னபின், குவிப்பினால் வரும் துன்பத்தையும் சொல்லியாக வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு காம்பராவில் ஒருவருடைய பெட்டிகள் வளரும்போது சுருங்குவது பெரும்பாலும் மற்றவருடைய இடம். காலை பிரட்டுக்குப் போய்க் கொழுந்து நிறுத்து மாலையில் திரும்பும் மனைவி முதுகு சாய்க்கும் இடம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகள் கொப்பி விரிக்கும் இடம். சேகரிப்பைப்பற்றிய எழுத்துகள் இவர்களை மறந்துவிடுகின்றன. வீட்டிலுள்ள மற்றவர்கள் சம்மதித்து ஒதுக்கிய மூலைக்குள் இருக்கும்வரை அது அந்த வீட்டின் சேகரிப்பு. அவர்கள் வாய்மூடி ஒதுங்கத் தொடங்கிய நாளில், எண்ணிக்கை ஐம்பதாக இருந்தாலும், கோடு தாண்டப்பட்டுவிட்டது. சிறிய வீட்டுக்கு அடிக்கணக்கைவிட இந்த அளவுகோலே பொருந்துகிறது.

நெருப்பும் இருக்கிறது. மெல்பேர்ன் தீயணைப்புப் படை பத்து வருடத் தரவுகளைப் பார்த்தபோது, குவிப்பு வீடுகளில் ஏற்பட்ட தீ மொத்த வீட்டுத் தீயில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் தவிர்த்திருக்கக்கூடிய தீ மரணங்களில் ஏறத்தாழ கால்பங்கு அந்த வீடுகளில் நடந்திருந்தது. லயத்தில் ஒரு காம்பராவில் பற்றும் தீ, பொதுக் கூரை வழியாக முழு வரிசைக்கும் ஓடும். விறகடுப்புக்கும் பழுதான மின்கம்பிக்கும் பக்கத்தில் உலர்ந்த காகிதம் வைப்பது அயலவர் உயிரோடு விளையாடுவது. ஒருவர் ஒரு தாளைக்கூடப் பிரிய முடியாமல் தவித்தால், அவர் இல்லாத நேரம் பார்த்து எல்லாவற்றையும் அள்ளி எரிப்பது உதவி ஆகாது. துக்கம் கூடும், குவிப்பு திரும்ப வரும். பேசித் தீர்க்கும் உளச்சிகிச்சையால் பலர் தேறியிருக்கிறார்கள். மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.

வைத்திருப்பதென்று தீர்மானித்தவர்களுக்கு மலையகத்து ஈரம் சில வேலைகளை விதிக்கிறது. காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 65ஐத் தாண்டினால் காகிதத்தில் பூஞ்சணம் வளரத் தொடங்கும். நுவரெலியாவில் தாண்டாத நாள் குறைவு. புத்தகத்தைச் சுவரோடும் சீமெந்துத் தரையோடும் ஒட்டி வைக்கக் கூடாது. பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்ளே ஈயத்தாளோ அலுமினியத்தாளோ ஒட்டியிருந்ததற்குக் காரணம் உண்டு: தேயிலை ஈரத்தை இழுக்கும், காகிதமும் அப்படியே. மூடி இறுகிய பெட்டி, உள்ளே ஈரமுறிஞ்சும் சிலிக்கா பொட்டலம், வெயில் விழும் பருவத்தில் நிழலில் விரித்துக் காற்றாட விடுதல். நேர்வெயில் மையை வெளுக்கச் செய்யும். ஒட்டுநாடா வேண்டவே வேண்டாம். பத்து வருடத்தில் அது தாளை மஞ்சளாக்கித் தின்னும். துருப்பிடித்த பின்னை மெல்லக் கழற்றி நூலால் தைக்கலாம்.

கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்தில் லயக் காம்பராக்களையே திருத்தி 2007இல் திறந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமும் ஆவணக் காப்பகமும் இருக்கின்றன. ஒரு காலத்தில் குப்பையென்று கழித்திருக்கக்கூடிய பாத்திரங்களும் கருவிகளும் தாள்களும் அங்கே அந்தந்த இடத்தில் பெயரோடு இருக்கின்றன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும், மலையகத்து வெளியீடுகள் உட்பட, மின்வடிவாக்கி எவரும் படிக்க வைத்திருக்கிறது. இரண்டும் தனியார் பெட்டிகளிலிருந்து வந்தவற்றால் வளர்ந்தவை.

மலைநாட்டில் யாரிடமாவது பழைய காமிக்ஸ், சிறுவர் சஞ்சிகை, பத்திரிகையில் வெட்டி ஒட்டிய சித்திரக்கதைக் கொப்பி இருந்தால், முதலில் ஒரு பட்டியல் எழுதுங்கள்: பெயர், இலக்கம், மாதம், வருடம், எங்கே எப்படிக் கிடைத்தது, முதல் பக்கத்தில் யாருடைய பெயர்கள். அந்தப் பட்டியலின் ஒரு பிரதியைப் பெட்டிக்குள்ளும் இன்னொன்றை நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். பட்டியல் போட முடியாத அளவுக்குப் பெருகியிருந்தால் சிலவற்றைப் பிரியும் நேரம் வந்துவிட்டது. பாடசாலை நூலகத்துக்கோ தோட்டத்து வாசிகசாலைக்கோ கொடுங்கள். இங்கே அச்சான சஞ்சிகைகள் இருந்தால் எரிப்பதற்கோ எடைக்குப் போடுவதற்கோ முன் ஆவணக் காப்பகம் ஒன்றுக்குத் தகவல் சொல்லுங்கள்.